டி அண்ட் டி நாவல்கள்: விளையாடுகிறவர்களுக்கு உதவியா, உபத்திரவமா?

வெண்கலவாள்:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் எங்கள் டி அண்ட் டி குழுவுக்கு (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டு) புது கேம்பெய்ன், அதாவது பல நாள் தொடரும் கதை, ஆரம்பிக்கிறேன். எந்தக் கற்பனை உலகத்தில் விளையாடுவது, ஃபர்காட்டன் ரெல்ம்ஸா, டார்க் சன்னா என்று இன்னும் முடிவாகவில்லை. குழுவில் ஒருவர் ரெல்ம்ஸில் வரும் ட்ரிஸ்ட் என்ற வீரனின் நாவல்கள் அத்தனையையும் கரைத்துக் குடித்தவர். இன்னொருவர் நாவல் பக்கமே போகாதவர். பகடை உருட்டத்தான் வந்தோம், பாடம் படிக்க இல்லை என்பது அவர் கட்சி. நான் நடுவில் நிற்கிறேன்.

டிராகன்லான்ஸ் என்ற இன்னொரு டி அண்ட் டி உலகத்தின் முதல் மூன்று நாவல்களை மட்டும் முழுதாகப் படித்திருக்கிறேன். முதல் புத்தகத்தில் சாக் சாரோத் என்ற இடிந்த நகரம் வரும். அங்கே கல்லி குள்ளர்கள் பெரிய இரும்புக் கொப்பரைகளைச் சங்கிலியில் கட்டி, அதையே லிஃப்ட்டாக வைத்திருப்பார்கள். ஒரு கொப்பரை இறங்கினால்தான் இன்னொன்று ஏறும். படிக்கும்போதே யாரோ வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியது புரிந்துவிடும். அறை, அரக்கன், அடுத்த அறை என்று போகும். ஆனால் இரண்டாவது புத்தகத்தில் ஹை க்ளெரிஸ்ட் கோபுர மதில்மேல் ஸ்டர்ம் என்ற வீரன் தனியாக நிற்கிறான் பாருங்கள், அங்கே வரைபடம் மறந்துபோகிறது. டிராகன் மேல் வருபவள் கிட்டியாரா, பழைய தோழி. ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே, கீழே இருப்பவர்கள் தயாராக அவகாசம் கிடைக்கட்டும் என்று நிற்கிறான். அந்த அத்தியாயத்தை இன்றைக்கும் திரும்ப எடுத்துப் படிப்பேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எந்த நாவல்கள் உங்கள் விளையாட்டுக்கு உதவின, எவை கெடுத்தன? நாவல்களைப் படித்துவிட்டு நடத்துவது நல்லதா, படிக்காமல் நடத்துவது நல்லதா?

சுவடிப்பெட்டி:

டிராகன்லான்ஸிலிருந்தே தொடங்குகிறேன். அது விளையாட்டு ஓடிய பிறகு ஒட்டவைத்த கதை இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில், டி அண்ட் டியை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் இருந்தது. அங்கே சாகசத் தொகுப்புகளையும் (மேசையில் விளையாடத் தயாராக எழுதிய கதைகள்) நாவல்களையும் ஒரே திட்டமாகப் போட்டார்கள். 1984ல் முதல் தொகுப்பும் முதல் நாவலும் வெளிவந்தன. மார்கரெட் வைஸ் அங்கே எடிட்டர், ட்ரேசி ஹிக்மன் விளையாட்டு வடிவமைப்பாளர்.

இந்தத் திட்டத்தின் பலவீனம் விளையாட்டுப் பக்கத்தில்தான் முதலில் தெரிந்தது. நீங்கள் நாவலின் நாயகர்களான டானிஸாகவோ ரெய்ஸ்ட்லினாகவோ விளையாட வேண்டும். அடுத்தடுத்த தொகுப்புகளுக்கு அதே ஆட்கள் தேவை. அதனால் முதல் தொகுப்பிலேயே ஒரு விதி வைத்தார்கள். முக்கியமான ஆள் செத்தால் உடல் கிடைக்காதபடி டிஎம் (விளையாட்டை நடத்துபவர்) பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றோடு போனான், பாறை சரிந்து மூடிவிட்டது என்று எதையாவது சொல்லி மறைத்துவிட்டு, பிறகு உயிரோடு கொண்டுவரலாம். விளையாடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரியவில்லை. சாகத் துணிந்து ஒரு காரியம் செய்தால், அந்தச் சாவுக்கே மதிப்பில்லை.

நாவல் பக்கம் நடந்தது இதற்கு நேர்மாறு. இரண்டாவது புத்தகம் தொகுப்புகளை உதறிவிட்டு நடக்க ஆரம்பித்தது. தோர்பார்டின் குள்ளர் நாட்டில் காராஸின் சுத்தியலைத் தேடும் சாகசம் தொகுப்புகளில் பெரிய பகுதி. நாவலில் அது முடிந்துபோன விஷயமாகக் கடந்துவிடும். அதைத் தனி நாவலாக 2006ல்தான் எழுதினார்கள். நீங்கள் சொன்ன ஸ்டர்ம் காட்சி அந்த விடுதலையில் பிறந்தது. 1986ல் வந்த இரட்டையர் நாவல்கள் மூன்றுக்கும் எந்தத் தொகுப்பும் ஆதாரம் இல்லை. ரெய்ஸ்ட்லின் கடவுளாக ஆசைப்படுகிறான். அண்ணன் காராமன் குடித்துப் பருத்துப் போய்க் கிடக்கிறான். அங்கிருந்து கதை பேரழிவுக்கு முந்தைய இஸ்தார் நகரத்துக்குப் போகிறது. என் கணக்கில் டி அண்ட் டி பெயர் போட்டு வந்த நாவல்களில் அந்த மூன்றுக்குத்தான் முதலிடம்.

மணல்நாடன்:

சுவடிப்பெட்டி அண்ணன் சொன்ன அந்த விதியாவது பரவாயில்லை. டார்க் சன் ரசிகர்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

1991ல் அந்த உலகத்தை விவரிக்கும் விளையாட்டுப் பெட்டி வருகிறது. ஆதாஸ் என்ற பாலைவன உலகம். உலோகம் அபூர்வம், தண்ணீர் அதைவிட அபூர்வம், மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி சாம்பலாகும். ஒவ்வொரு நகரத்தையும் ஒரு சூனிய மன்னன் ஆள்கிறான். டைர் நகரத்தில் காலக் ஆயிரம் ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறான். அடிமைகளை வதைத்து ஒரு மாபெரும் படிக்கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறான். படிக்கும் எவனுக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இவனை நாம் இறக்க வேண்டும்.

அதே ஆண்டு ட்ராய் டென்னிங் எழுதிய ஐந்து நாவல்களில் முதலாவது வருகிறது. காலக் காலி. ரிக்கஸ் என்ற, அரங்கில் சண்டையிடும் அடிமை ஈட்டி எறிகிறான். சடீரா என்ற மந்திரக்காரியும் ஆகிஸ் என்ற பிரபுவும் மற்றவர்களும் சேர்ந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். இதோடு விட்டார்களா? விளையாட்டுக்கென்று வந்த முதல் சாகசத் தொகுப்பே அந்த நாளைப் பற்றியது. நம் ஆட்கள் அடிமைகளாகப் பிடிபட்டு, கோபுர வேலையில் முதுகு ஒடிந்து, பட்டினி கிடந்து, கடைசியில் அரங்கத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே அந்த ஈட்டியை எறிவது ரிக்கஸ். நாம் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்கிறோம்.

1993ல் ஐந்தாவது நாவல் முடியும்போது டிராகன் செத்துவிட்டது, சூனிய மன்னர்கள் பலர் ஒழிந்துவிட்டார்கள், ராஜாட் என்ற ஆதிகாலத்து மந்திரவாதியையும் பார்த்தாயிற்று. 1995ல் வந்த திருத்திய பெட்டி இதையெல்லாம் நடந்த வரலாறாகவே எழுதிக்கொண்டது. நாம் செய்ய ஆசைப்பட்ட பெரிய காரியம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நாவல் மோசம் என்று நான் சொல்லவில்லை. முதலாவது விறுவிறுப்பாகவே போகும். ஆனால் அது என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை மன்னிக்க மாட்டேன்.

யாழ்நிலா:

ட்ரிஸ்ட் பெயரைச் சொன்னதும் இங்கே பலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். 1990ல் வந்த ஹோம்லேண்ட் நாவலைத் தனியாக எடுத்துப் படியுங்கள்.

ட்ரோ என்ற கருப்பு எல்ஃப் இனம் வாழும் மென்சோபெரன்சான் என்ற பாதாள நகரம். அங்கே குலங்களுக்கு வரிசை எண் உண்டு. மேலே போக வேண்டுமென்றால் மேலே இருக்கும் குலத்தை அழிக்க வேண்டும். ஆனால் அந்தக் குலத்தின் பிரபு ரத்தம் ஒருவர்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சி, குற்றம் சாட்ட ஆள் இருந்தால் உங்கள் குலம் அழியும். யாரும் மிஞ்சாவிட்டால் அப்படி ஒரு குலம் இருந்ததாகவே ஊர் பேசாது. நாவல் தொடங்கும் இரவில் டோர்டென் குலம் டெவிர் குலத்தின் மேல் படையெடுக்கிறது. அதே நேரத்தில் தலைவிக்குப் பிரசவ வலி. பிறக்கப்போவது மூன்றாவது ஆண் பிள்ளை என்றால் சிலந்தித் தெய்வத்துக்குப் பலி. சண்டை மும்முரத்தில் இரண்டாவது மகன் முதல் மகனை முதுகில் குத்திக் கொன்றுவிடுகிறான். ஆக, பிறந்த குழந்தை இரண்டாவது மகன் ஆகிறது. உயிர் தப்புகிறது. அந்தக் குழந்தைதான் ட்ரிஸ்ட்.

ஒரு நகரத்தின் சட்டம், மதம், குடும்பம், பயம் நான்கையும் ஒரே இரவுக் காட்சியில் காட்டிவிட்டார் எழுத்தாளர் சால்வடோர். எந்த ரூல்புக்கும் இதை எனக்கு இப்படிச் சொல்லவில்லை. 1992ல் அந்த நகரத்துக்கென்று தனிப் பெட்டியே வந்தது. நாவல் கொடுத்ததை விளையாட்டு எடுத்துக்கொண்டது. இது நல்ல திசை. மணல்நாடன் சொன்ன டார்க் சன் கதையில் நாவல் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நள்ளிரவு டிஎம்:

யாழ்நிலா, ஹோம்லேண்ட் அருமை, மறுப்பே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அதே ஆளை வைத்து எத்தனை புத்தகம்! ட்ரிஸ்ட் முதலில் வந்தது 1988ல், பனிப் பள்ளத்தாக்கு நாவலில். அங்கே நாயகனாக நினைத்து எழுதியது வுல்ஃப்கர் என்ற காட்டுவாசி இளைஞனை. ட்ரிஸ்ட் துணைக்கு வந்தவன், மொத்தக் கதையையும் வாரிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் என் மேசைக்கு வருகிற புது ஆட்களில் பாதிப் பேர் கருப்புத் தோல், வெள்ளை முடி, இரண்டு வளைவாள், சோகமான கடந்தகாலம் என்றுதான் வந்தார்கள். அது அவர்கள் தப்பில்லை. படித்ததில் பிடித்ததை விளையாட வருகிறார்கள். ஆனால் "அரிதிலும் அரிதான நல்ல ட்ரோ" ஒரே மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அந்தக் கதைக்கு உயிர் இருக்காது.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம் ரெல்ம்ஸின் வரலாறு பற்றியது. விளையாட்டு விதிகளின் ஒவ்வொரு புது எடிஷன் வரும்போதும் உலகத்தையே புரட்டிப் போட்டு, அதற்கு நாவலில் காரணம் சொல்வார்கள். 1989ல் இரண்டாம் எடிஷன். அசாசின் (கொலையாளி) என்ற கிளாஸை, அதாவது பாத்திர வகையை, எடுத்துவிட்டார்கள். ரூல்புக்கிலிருந்து எடுத்ததோடு விட்டிருக்கலாம். அவதார நாவல்களில் தெய்வங்கள் ஏறக்குறைய எல்லாரும் மனித உடலில் பூமிக்குத் தள்ளப்படுகிறார்கள். பேன் என்ற தெய்வம் சண்டைக்குச் சக்தி சேர்க்க நாட்டிலுள்ள கொலையாளிகளின் உயிரையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. யாரோ ஒருவர் பாடுபட்டு வளர்த்த அசாசின் கேரக்டர் ஒரு பத்தியில் போயிற்று.

2008ல் நான்காம் எடிஷன். நீல நெருப்பு, மந்திரக் கொள்ளை நோய், ஏறக்குறைய நூறு ஆண்டு தாவல். நமக்குத் தெரிந்த கடைக்காரர், காவலர், கோவில் பூசாரி எல்லாரும் கிழடாகிச் செத்துப்போனார்கள். பிறகு 2013லிருந்து ஆறு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நாவல் எழுதி அதைச் சரிசெய்தார்கள். அந்த ஆறில் எரின் எவான்ஸ் எழுதியது நன்றாகவே இருக்கும். ஆனால் உடைத்ததை ஒட்ட வைப்பதற்காக ஆறு நாவல் என்பதே எனக்கு ஏற்கவில்லை.

வெண்கலவாள் தம்பிக்கு நடைமுறை யோசனை: முதல் செஷனிலேயே ஒரு ஆண்டைச் சொல்லிவிடுங்கள். நான் ரெல்ம்ஸ் காலண்டரில் 1372ஐ வைத்துக்கொள்கிறேன்; 2001ல் வந்த மூன்றாம் எடிஷன் புத்தகம் நிற்கும் ஆண்டு அது. "அதுவரை எழுதப்பட்டது நடந்தது. அதற்குப் பிறகு நடப்பது நீங்கள் செய்வது" என்று சொல்லுங்கள். நாவல் கரைத்துக் குடித்த நண்பரும் அடங்குவார், படிக்காதவரும் பயப்படமாட்டார்.

குள்ளன்கோடரி:

பால்டர்ஸ் கேட் நாவலை யாரும் இன்னும் எடுக்கவில்லையே. 1998ல் அந்தக் கணினி விளையாட்டு வந்தது. நாயகன் யார், ஆணா பெண்ணா, நல்லவனா கெட்டவனா, எல்லாமே நம் கையில். பால் என்ற கொலைத் தெய்வத்தின் ரத்தம் உடம்பில் ஓடுகிறது, அதை வைத்துக்கொண்டு எப்படி வாழப்போகிறாய் என்பதுதான் விளையாட்டின் மையம். மறு ஆண்டே நாவல். நாயகன் ஏப்டெல் ஏட்ரியன், தொட்டதற்கெல்லாம் வாளை உருவும் முரட்டு ஆள். தோழன் கலீத் செத்து முழுதாக ஆறுவதற்குள் அவன் மனைவி ஜஹீராவோடு காதல். விளையாட்டில் நான் மணிக்கணக்காகப் பேசிப் பழகிய ஆட்கள் அந்தப் பக்கங்களில் இல்லை, அவர்கள் பெயர்தான் இருந்தது.

அதைக்கூட ஒரு மோசமான புத்தகம் என்று மூடி வைத்திருப்பேன். ஆனால் 2013ல் வந்த பால்டர்ஸ் கேட் சாகசத்தில், அந்த ஏப்டெல் ஏட்ரியன்தான் உண்மையான நாயகன் என்று எடுத்துக்கொண்டு, தொடக்கக் காட்சியிலேயே அவன் கதையை முடித்தார்கள். என் நாயகி எங்கே போனாள்? அவள் செய்த தேர்வெல்லாம் எங்கே?

சுவடிப்பெட்டி:

குள்ளன்கோடரியின் கோபம் நியாயமானது. ஆனால் எழுதியவர்களை மட்டும் திட்டுவது சரியில்லை. இந்த நாவல்களின் உரிமை எழுத்தாளரிடம் இல்லை, நிறுவனத்திடம். பாத்திரமும் அவர்களுடையது, உலகமும் அவர்களுடையது, கெடுவும் அவர்கள் வைத்ததுதான்.

டி.எஸ்.ஆரின் கடைசிக் காலத்தைப் பார்த்தால் இன்னும் புரியும். புத்தகக் கடைகளுக்கு ராண்டம் ஹவுஸ் மூலமாகச் சரக்கு போகும். விற்காதது திரும்பி வரலாம். கையில் காசு புரள வேண்டுமானால் தொடர்ந்து எதையாவது அச்சடித்து அனுப்ப வேண்டிய நிலை. 1996ல் திரும்பி வந்த சரக்கு மூச்சைப் பிடித்தது. 1997ல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டது. மாதாமாதம் புத்தகம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் எழுதியது எல்லாம் ஒரே தரத்தில் எப்படி இருக்கும்?

டிராகன்லான்ஸ் உருவாக்கியவர்களே 2020 அக்டோபரில் விஸார்ட்ஸ் மேல் வழக்குப் போட வேண்டி வந்தது, புது நாவல்களுக்கான ஒப்பந்தம் பாதியில் நின்றதால். டிசம்பரில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2022ல் புத்தகம் வந்தது. உலகத்தைப் படைத்தவர்கள் நிலைமையே இது.

மணல்நாடன்:

அண்ணா, எழுதியவர் நிலைமை புரிகிறது. நான் கேட்பது நிறுவனத்தை நோக்கித்தான்: நாவலில் நடந்ததை விளையாட்டுப் புத்தகத்தில் ஏன் ஏற்ற வேண்டும்?

எபரான் என்ற டி அண்ட் டி உலகத்தைப் பாருங்கள். 2002ல் விஸார்ட்ஸ் போட்டி வைத்து, பதினோராயிரம் யோசனைகளுக்கு மேல் வந்து, அதில் கீத் பேக்கர் கொடுத்ததை எடுத்தார்கள். 2004ல் புத்தகம். அந்த உலகத்தின் கணக்கில், பெரும்போர் ஓய்ந்து இரண்டு வருடம் ஆன 998ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் வந்தாலும் காலம் 998லேயே நிற்கும். நாவல்கள் வந்தன, பேக்கரே எழுதினார். ஆனால் நாவலில் நடந்தது விளையாட்டைக் கட்டுப்படுத்தாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். போரில் அழிந்த சைர் நாட்டுக்கு என்ன ஆனது என்ற ரகசியத்தைக்கூட விடுவிக்கவில்லை. அதை ஒவ்வொரு டிஎம்மும் தானே முடிவு செய்துகொள்ளலாம். இவ்வளவு எளிய ஏற்பாட்டை 1991ல் டார்க் சன்னுக்குச் செய்திருந்தால் அந்த ஐந்து நாவல்களையும் நானே ஊரெல்லாம் சிபாரிசு செய்திருப்பேன்.

யாழ்நிலா:

மணல்நாடன், எபரான் விஷயத்தில் நூறு சதவீதம் உடன்படுகிறேன். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. எதுவும் மாறாது என்று தெரிந்த உலகத்தில் நாவல் படிக்கும்போது எனக்குப் பதற்றம் வருவதில்லை. டிராகன்லான்ஸில் ஸ்டர்ம் செத்தது வலித்ததற்குக் காரணம், அது அந்த உலகத்தில் நிஜமாகவே நடந்தது, மறுநாளும் அவன் இல்லை.

அதனால் எனக்குப் பிடித்தவை இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. உலகத்தைப் புரட்டாமல், ஒரு மூலையில் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் நாவல்கள். 1988ல் கேட் நோவக்கும் ஜெஃப் கிரபும் சேர்ந்து எழுதிய அஷ்யூர் பாண்ட்ஸ் அப்படி. ஏலியஸ் என்ற வாள்வீராங்கனை கண் விழிக்கிறாள். வாள் பிடிக்கும் கையில் நீல நிறத்தில் பச்சை குத்தியிருக்கிறது. யார் குத்தியது என்று தெரியாது. அந்தக் குறிகள் அவளை இயக்குகின்றன, அவள் விரும்பாததைச் செய்ய வைக்கின்றன. கூட ஒரு பல்லி மனிதன், பேசமாட்டான், உடலிலிருந்து வரும் வாசனையால் உணர்ச்சியைச் சொல்வான். தெய்வம் சாகவில்லை, நாடு எரியவில்லை. என் கேம்பெய்னில் இதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, நான் எடுத்துக்கொண்டது நிறைய.

ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்தில் கிறிஸ்டி கோல்டன் எழுதிய முதல் நாவலும் அந்த வகை. 1991. ஜாண்டர் என்ற எல்ஃப் ரத்தக்காட்டேரி, சூரியனை நேசித்த இனத்தில் பிறந்தவன், ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவின் கோட்டைக்கு வந்து சேர்கிறான். ஸ்ட்ராட் பேசும் தொனி, அந்தக் கோட்டையின் உபசாரம், அதற்குள் இருக்கும் மிரட்டல், இதையெல்லாம் நான் அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தேன்.

நள்ளிரவு டிஎம்:

அதே ஆண்டு, அதே ரேவன்லாஃப்ட்டில்தான் டிராகன்லான்ஸில் வரும் லார்ட் சோத் என்ற சாபம் பெற்ற வீரனையும் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஜேம்ஸ் லௌடர் எழுதிய நாவல். டிராகன்லான்ஸ் ரசிகர்கள் பலர் அதை இன்றுவரை ஏற்கவில்லை. எனக்கு அந்த நாவல் பிடிக்கும். சோத் தன் குற்றத்தை ஒத்துக்கொள்ளாதவரை அவனுக்கு அந்த இடமே தண்டனை என்பது அவன் கதைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் இரண்டு உலகத்திலும் அவன் வேண்டும் என்று கேட்கும் டிஎம்முக்குத் தடை போட யாருக்கும் உரிமை இல்லை.

யாழ்நிலா சொன்ன அளவுகோல் நல்லது. நான் ஒரு நாவலைப் படித்து முடித்ததும் பார்ப்பது இதைத்தான்: இதில் வரும் ஊருக்கு என் ஆட்களைக் கூட்டிப்போனால் அவர்களுக்குச் செய்ய வேலை இருக்குமா?

வெண்கலவாள்:

அனைவருக்கும் நன்றி. மணல்நாடன் எழுதியதைப் படித்த பிறகு ஃபர்காட்டன் ரெல்ம்ஸை ஒத்திப்போட்டுவிட்டேன். டார்க் சன்தான், டைர் நகரம்தான். காலக் உயிரோடு இருக்கிறான், படிக்கோபுரம் இன்னும் முடியவில்லை. முதல் நாவலை நான் படித்துவிடுகிறேன், குழுவுக்குக் கொடுக்கப் போவதில்லை. ரிக்கஸ், சடீரா இருவரையும் வைத்துக்கொள்ளலாமா, இல்லை மொத்தமாக எடுத்துவிடலாமா?

மணல்நாடன்:

தம்பி, எடுக்காதே. சடீராவை மறைமுக மந்திரவாதிகள் கூட்டத்தின் தொடர்பாளாக வை. உன் ஆட்களுக்குத் தகவல் கொண்டுவர அவள் வேண்டும். டித்தியனையும் கட்டாயம் வை, காலக்கின் அதிகாரியாக இருந்துகொண்டே தன் வழியைத் தேடும் ஆள், அவனை நம்பலாமா என்ற சந்தேகத்திலேயே இரண்டு செஷன் ஓடும். ரிக்கஸை அரங்கத்தில் பக்கத்துக் கூண்டில் போடு. முதல் சண்டையிலேயே அவனுக்குக் கை உடையட்டும்.

அந்த ஈட்டி நோக் என்ற ஹாஃப்லிங் (குட்டை மனித இனம்) காட்டுத் தலைவனிடம் இருக்கிறது. அதை வாங்கி வரும் பயணமே தனி சாகசம். அந்தக் காட்டில் விருந்தாளிக்கும் விருந்துக்கும் வித்தியாசம் குறைவு, ஹாஃப்லிங்குகள் மனிதக்கறி தின்பார்கள் என்பதை முன்கூட்டியே குழுவுக்குச் சொல்லாதே.

கடைசி நாளில் ஈட்டி உன் ஆட்களில் ஒருவர் கையில் இருக்கட்டும். பகடையை எல்லாரும் பார்க்கும்படி உருட்டச் சொல். தவறினால் தவறட்டும், காலக் பிழைக்கட்டும். அடுத்த செஷன் எப்படிப் போயிற்று என்று இங்கே வந்து எழுது.